விமானம் நிறைந்து வருகிறது, வான் எடுக்கலாமா?

வவுனியா குருமன்காட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 34. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பழைய வான் ஒன்று வைத்திருக்கிறார். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் தொடங்கிய பிறகு உறவினர்களைக் கூட்டிவர மூன்று தடவை பலாலிக்குப் போயிருக்கிறார். மூன்று தடவையும் வாசலில் நிற்க இடமில்லாத சனம். விமானத்தில் ஒரு சீற்றும் காலி இல்லை என்று வந்தவர்களும் சொன்னார்களாம். இப்போது ஹையேஸ் வான் ஒன்றை ஐந்து வருட லீசிங்கில் எடுத்து, வவுனியா – பலாலி ஹயர் (வாடகை ஓட்டம்) மட்டும் ஓடலாமா என்பது அவருடைய கேள்வி. மனைவியின் நகையை முற்பணத்துக்கு வைக்க வேண்டி வரும் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, இப்போது எடுக்க வேண்டாம். எப்போது எடுக்கலாம் என்பதை நீங்களே கணக்குப் பார்த்து முடிவு செய்ய வழி இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். விமான டிக்கெற் விற்பனையிலும் வழித்தடக் கணக்கிலும் பல வருடம் வேலை செய்தவன் நான். முதல் சில மாதக் கூட்டத்தை நம்பி முடிவெடுத்த பலரைப் பார்த்திருக்கிறேன்.

வாசலில் நின்ற சனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் ஒருவர் விமானம் ஏறப் போனால் ஐந்து பேர் வழியனுப்பப் போவார்கள். வருகிறவரைக் கூட்டிவர இன்னும் ஐந்து பேர். இந்த வழியில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானம், இண்டிகோவுடையதில் 78 சீற். அது நிரம்பி வந்து நிரம்பிப் போனாலும் மொத்தம் 156 பயணிகள்தான். மிச்சச் சனமெல்லாம் உங்களைப் போலச் சொந்த வாகனத்தில் ஆளைக் கூட்டிப்போக வந்தவர்கள். அவர்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. கூட்டம் கூடக் கூட உங்கள் ஹயர் குறைகிறது என்றுகூட அதைப் படிக்கலாம்.

அப்புறம், ‘விமானம் நிறைந்தது’ என்ற பேச்சு. புதிய வழித்தடத்தில் முதலில் ஏறுகிறவர்கள் ஒரே வகை ஆட்கள் இல்லை. புதுசு என்பதற்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். அறிமுக விலை மலிவு என்று ஏறுகிறவர்களும் இருப்பார்கள். இந்த இரண்டு கூட்டமும் சில மாதங்களில் வடிந்துவிடும். மூன்றாவது வகை, இதுவரை இரவு பஸ் பிடித்துக் கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பறந்தவர்கள். பலாலி சரிப்பட்டால் இவர்கள் நிரந்தரமாக இந்தப் பக்கம் திரும்புவார்கள். நான்காவது வகைதான் பெறுமதியானது. இந்த விமானம் இல்லாவிட்டால் பயணமே போயிருக்க மாட்டார்கள். முழங்கால் வலியோடு கொழும்புவரை இருந்து போக முடியாத கிளிநொச்சி அம்மா ஒருவர், திருச்சியில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போவது அந்த வகை.

திருச்சி வழிக்கு இந்த நான்காவது வகை உண்மையாகவே இருக்கிறது. வன்னியிலிருந்து படகேறிப் போன குடும்பங்கள் தமிழகத்தின் முகாம்களிலும் வெளியிலும் இன்னும் வாழ்கின்றன. திருச்சியிலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று முப்பது வருடத்துக்கு மேலாகப் பிரிந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த வழி நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் வழி நிலைப்பதும், அதை நம்பி ஒருவர் லீசிங் கட்ட முடிவதும் ஒன்றல்ல.

ஒரு நடந்த கதை. பலாலி சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. என் ஒன்றுவிட்ட தம்பி கிளிநொச்சியில் இருந்தான். இன்று நீங்கள் கேட்கிற அதே கேள்வியை என்னிடம் கேட்டான். எடு என்று சொன்னேன். உற்சாகத்தில் சொன்னேன், கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவோடு விமானம் நின்றது. திரும்ப வந்தது 2022 டிசம்பர் 12. இரண்டே முக்கால் வருடம்! வாகனத்தை லீசிங்காரர் எடுத்துக்கொண்டு போனார்கள். கொரோனாவை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது, சரி. ஆனால் பிறகு அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தபோது, விமானம் ஓடிய அந்த நாலு மாதத்திலும் தவணைக்குப் போதுமான ஹயர் கிடைத்திருக்கவில்லை. என்னை இன்றும் வருத்துவது அந்தக் கொப்பிதான்.

இந்தியாவில் சிறிய ஊர்களுக்கு விமானம் விட உடான் என்ற திட்டம் 2017 இல் பறக்கத் தொடங்கியது. சீற் நிரம்பாத நட்டத்தை ஈடுசெய்ய விமானக் கம்பனிக்கு மூன்று வருடம் அரசு பணம் கொடுத்தது. 2023 இல் வந்த கணக்காய்வு அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் பறக்கத் தொடங்கியவை 371. மூன்று வருடத்தை முடித்தவை 112. உதவிப் பணம் நின்ற பிறகும் தொடர்ந்தவை வெறும் 54. இவற்றில் பலவற்றிலும் முதல் நாள் மாலையும் விளக்கேற்றலும் நடந்திருக்கும். கடல் வழியையும் பாருங்கள். நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14 அன்று ஆரவாரமாகத் தொடங்கியது. வடகீழ்ப் பருவமழை வர, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. மறுபடி ஓடியது 2024 ஓகஸ்ட்டில்.

இனி உங்கள் ஊர்க் கணக்கு. 2012 கணக்கெடுப்பில் வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டத்திலும் சேர்த்து ஏறத்தாழ 4 இலட்சத்து 77 ஆயிரம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். ஆள் தொகையை வைத்துப் பார்த்தால் விமானத்தில் வருகிறவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வன்னி ஆட்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி வராது. வெளிநாட்டுக் காசு குடாநாட்டில்தான் கூடுதலாகப் புழங்குகிறது. வன்னியில் பயணச் செலவு வயலைப் பார்த்து வரும். அதனால் நான்கில் ஒரு பங்கு என்று வைப்போம். இது என் ஊகம், நீங்கள் எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

சாதாரண நாளில் 60 பேர் வந்து இறங்கினால் வன்னிக்கு 15 பேர். குடும்பமாக வருவதால் ஐந்து கூட்டம். இரண்டு கூட்டத்தைச் சொந்தக்காரர் வந்து கூட்டிப் போவார்கள். ஒரு கூட்டம் யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் பஸ் ஏறும். மிஞ்சுவது இரண்டு ஹயர். அந்த இரண்டும் நான்கு மாவட்டத்துக்கும் பிரிகிறது. மன்னார் ஆட்கள் சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டி ஏ32 வீதியால் போய்விடுவார்கள், 2011 இல் அந்தப் பாலம் திறந்த பிறகு அவர்களுக்கு வவுனியாவுக்கு வருகிற ஏ9 வீதி தேவையில்லை. முல்லைத்தீவு ஆட்கள் பரந்தனில் ஏ35க்குத் திரும்புவார்கள். வவுனியாவரை வருவது இரண்டு நாளைக்கு ஒரு ஹயர் என்றால் அதுவே நல்ல கணக்கு. சென்னை விமானத்தையும் சேர்த்தால் நாளைக்கு ஒன்று. அதையும் நீங்கள் தனியாக எடுக்க முடியாது. பலாலியில் ஏற்கெனவே காத்து நிற்கிற யாழ்ப்பாண வான்காரர் இருக்கிறார்கள், வவுனியாவில் உங்களைப்போல் யோசிக்கிற இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வன்னிக்குள் வவுனியாதான் இந்த வழியின் கடைசி விளிம்பு. கிளிநொச்சியிலிருந்து பலாலி 80 கிலோமீற்றர் அளவு, கட்டுநாயக்க 300க்கு மேல். அங்கே ஆள் யோசிக்கவே மாட்டார். வவுனியாவிலிருந்து பலாலி 150 கிலோமீற்றருக்கு மேல், கட்டுநாயக்க 230 அளவு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு நாளுக்குப் பல விமானம். ஒன்று தவறினால் அடுத்தது சில மணித்தியாலத்தில். பலாலியில் ஒன்று தவறினால் பெரும்பாலும் மறுநாள்தான். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துப் போகிற நோயாளி இந்த அபாயத்தை எடுக்க மாட்டார். உங்கள் ஊரில் பாதிப் பேர் தொடர்ந்து தெற்கே போவார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியைப் பரந்தன் சந்தியில் இருக்கிற ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது.

நீங்கள் போன மூன்று நாளும் என்ன மாதம் என்று எழுதவில்லை. அது முக்கியம். ஜூலை, ஓகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஓகஸ்ட் 15 மடுப் பெருநாளுக்கும் வெளிநாட்டுக்காரர் வரும் காலம். ஏப்ரல், டிசம்பர் என்றால் பள்ளி விடுமுறை. காலபோக நெல் அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் கையில் காசு வரும்போது வன்னி ஆட்கள் கிளம்புவார்கள், கலியாணச் சேலை எடுக்கிற வேலையும் அப்போது சேரும். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு. காசு மண்ணுக்குள் இருக்கும், மேலே மழை. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள் என்பதுதான் உங்கள் தவணையைத் தீர்மானிக்கும். லீசிங்காரருக்கு விதைப்பும் மழையும் தெரியாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். விமான அட்டவணை வருடத்தில் இரண்டு தடவை மாறும், மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். இந்தத் திருச்சி விமானம் தொடங்கிய 2025 மார்ச் 30 அப்படி ஒரு ஞாயிறுதான். கம்பனிகள் ஒரு வழியைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டியே. அடுத்த அட்டவணைக்கும் டிக்கெற் விற்பனையில் இருக்கிறதா, வாரத்தில் அதே நாட்களா என்று கம்பனியின் தளத்தில் பாருங்கள்.

அதே தளத்தில் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி என்று நாள் பிடித்து, பத்து நாளைக்கு முன் விலையையும் மூன்று நாளைக்கு முன் விலையையும் எழுதுங்கள். விமானம் நிறைகிறது என்றால் விலை ஏறும். மூன்று நாளைக்கு முன்னும் ஆகக் குறைந்த விலையிலேயே செவ்வாய் டிக்கெற் கிடைத்தால், அந்த விமானத்தில் சீற் காலி. போகிற பக்கமும் வருகிற பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒருபோதும் ஒரே மாதிரி இராது. மலிவு விலையில் நிரம்பிய விமானத்தைவிட, நியாயமான விலையில் முக்கால்வாசி நிரம்பிய விமானமே ஒரு வழி நிலைக்கும் என்பதற்கு நல்ல அடையாளம். நாலு மாதம் எழுதினால் போதும். அதில் ஒரு விதைப்புக் காலம் கட்டாயம் இருக்க வேண்டும்.

இடையில் உங்கள் பழைய வானையே, அல்லது நாள் வாடகைக்கு எடுக்கிற வானை, இந்த வேலைக்கு விட்டுப் பாருங்கள். ஒரு நுணுக்கம் இருக்கிறது. வந்த விமானமே ஒரு மணித்தியாலம் அளவில் திரும்பிப் போகிறது. போகிற ஆள் மூன்று மணித்தியாலம் முன்னால் நிற்க வேண்டும். வவுனியாவிலிருந்து போகிற ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுக் காத்திருந்தால், வருகிற ஒரு குடும்பத்தை ஏற்றலாம். இப்படிச் சோடி சேராத ஹயரில் 150 கிலோமீற்றர் வெறும் வானாக ஓடுவீர்கள், டீசல் காசே மிஞ்சாது. எத்தனை ஹயர் சோடி சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். 14 பேர் இருக்கிற வானில், சேலைப் பெட்டியும் பாத்திரமும் சேர்ந்தால் ஏழெட்டுப் பேருக்கு மேல் ஏற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். இருபக்கக் காசோடும் மாதத்துக்குப் பன்னிரண்டு ஹயர், விதைப்பு மாதத்திலும் வந்தால், லீசிங் பற்றிப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் வவுனியாவுக்கு உண்மையான வாய்ப்பு அங்கேதான் தெரிகிறது. திருச்சியிலிருந்து ஏறுகிறவர்களில் உறவு பார்க்க வராத ஒரு கூட்டமும் இருக்கும். சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தையும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வருகிற தமிழ்நாட்டுச் சைவர்கள். கீரிமலை நகுலேஸ்வரம், மன்னார் திருக்கேதீச்சரம், திருகோணமலை கோணேஸ்வரம் என்று சுற்றினால் மூன்று, நாலு நாள் வேண்டும். மன்னாரிலிருந்து திருகோணமலைக்குப் போகிற வழியில் நடுவில் இருப்பது உங்கள் ஊர். இரவு தங்க இடம், காலையில் மரக்கறிச் சாப்பாடு, தேவாரம் தெரிந்த ஒரு சாரதி. இதை யாழ்ப்பாண வான்காரரைவிட நீங்கள் நன்றாகச் செய்யலாம். விமானத்துக்கு ஏற்றி இறக்குகிற ஒரு நாள் ஹயரைவிட இது காசும் கூட, வெறும் ஓட்டமும் குறைவு.

அதற்கும் புது வான் இப்போதே தேவையில்லை. வவுனியாவில் அறை வாடகைக்கு விடுகிற இரண்டு பேரோடு பேசுங்கள். திருச்சியில் உங்கள் உறவினர் யாரும் இருந்தால், அங்கே யாத்திரைக்கு ஆள் சேர்க்கிற ஒருவரின் தொடர்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் கூட்டம் வரும்போது நாள் வாடகை வானில் ஓடுங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். தைப்பொங்கல் கழிந்ததும் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், இருவருமாக இருந்து கூட்டிப் பார்ப்போம்.