இருட்டான இடத்தில் பயன்படுத்த, லைட் வைத்த மேக்கப் காம்பாக்ட் ஒன்றை எப்படி வடிவமைப்பது? என்ன எல்.இ.டி., என்ன பேட்டரி போடலாம்?

கேள்வியில் எல்.இ.டி.யும் பேட்டரியும் முன்னால் நிற்கின்றன. இரண்டையும் சொல்கிறேன். ஆனால் கடையில் கிடைக்கும் லைட் காம்பாக்ட்கள் பெரும்பாலும் தோற்பது வெளிச்சம் போதாமல் அல்ல. வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கண்ணைக் குத்துகிறது. அதோடு அந்த ஒளியில் தோலின் சிவப்பு தெரிவதே இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்தால், நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த வெளிச்சமே போதும்.

முதலில் நிறம். சாதாரண வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் பூசிய, மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சும் அந்த நீலமும் கலந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. பாக்கெட்டில் ‘சி.ஆர்.ஐ. 80’ என்று போட்டிருப்பார்கள். ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இடும் மதிப்பெண் அது. ஆனால் அது ஆர்1 முதல் ஆர்8 வரையிலான எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. உதடு, கன்னம், தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் சாயல் இவற்றைக் காட்டும் ஆழ்ந்த சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, அது அந்தச் சராசரியில் சேராது. சி.ஆர்.ஐ. 80 உள்ள எல்.இ.டி.யில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சகஜம். அந்த ஒளியில் முகம் வெளிறி, சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். உடனே கை தானாகப் ப்ளஷைக் கூட்டும், வெயிலுக்கு வந்ததும் கன்னம் இரண்டும் திட்டுத் திட்டாகச் சிவந்து நிற்கும். அதனால் வாங்கும்போது சி.ஆர்.ஐ. 95, ஆர்9 குறைந்தது 80 என்று டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) அச்சாகியிருப்பதை மட்டும் எடுங்கள். ஆர்9 எண்ணே போடாத எல்.இ.டி.யை நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு கையை ஜன்னல் பக்கப் பகல் வெளிச்சத்திலும், மற்ற கையை எல்.இ.டி. வெளிச்சத்திலும் வைத்து உள்ளங்கைகளை ஒப்பிடுங்கள். விரல் நுனியின் சிவப்பும் உள்ளங்கையின் இளஞ்சிவப்பும் இரண்டிலும் ஒரே மாதிரி உயிரோடு இருக்க வேண்டும். எல்.இ.டி. பக்கம் மண்நிறமாக மங்கினால் அது மேக்கப்புக்கு ஆகாது.

வெள்ளை ஒளி மஞ்சள் பக்கம் சாய்கிறதா, நீலத்தின் பக்கமா என்று சொல்லும் நிற வெப்பநிலைக்கு 4000 கெல்வின் என் தேர்வு. 2700 கெல்வினில் மஞ்சள் தூக்கலாக இருப்பதால், ஃபவுண்டேஷன் தோலோடு சேரவில்லை என்றாலும் தெரியாது. 6500 கெல்வின் இருட்டுக்குப் பழகிய கண்ணில் கூசும். இரண்டு நிற எல்.இ.டி.களைக் கலந்து மாற்றிக்கொள்ளும்படி செய்யலாம்தான். அப்படிச் செய்தால் ஒரே நிற எல்.இ.டி.களுக்கு இடையே உள்ள தூரம் இரட்டிப்பாகி, ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும். முதல் மாதிரியில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

இனி வெளிச்சத்தின் அளவு. காம்பாக்ட்டை முகத்திலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம். இருட்டில் மை சரிசெய்ய, லிப்ஸ்டிக் போட, முகத்தில் 30 முதல் 40 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும். பவுடர் சீராகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க 150 லக்ஸ் இருந்தால் நல்லது. கணக்கு இப்படி வரும். 150 லக்ஸை 0.25 மீட்டரின் வர்க்கமான 0.0625ஆல் பெருக்கினால் சுமார் 9.4 கேண்டலா, அதாவது ஒரு திசையில் வீசும் ஒளியின் அளவு. பரந்து வீசும் ஒளிக்கு அதை 3.14ஆல் பெருக்க வேண்டும், 29 லூமென் (வெளிவரும் மொத்த ஒளி) ஆகிறது. எல்.இ.டி.களுக்கு மேல் வரும் பால்நிற அக்ரிலிக் தகடு மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் எல்.இ.டி.களிலிருந்து மொத்தம் 45 முதல் 50 லூமென் வர வேண்டும். அவ்வளவுதான். ஒரு 2835 வகை எல்.இ.டி.யை அதன் முழு 60 மில்லி ஆம்பியரில் ஓட்டினால் ஒன்றே 20 லூமெனுக்குப் பக்கத்தில் தரும். ஆனால் மூன்று எல்.இ.டி.யை முழு வேகத்தில் எரிப்பதைவிட 24 எல்.இ.டி.யைப் பத்தில் ஒரு பங்கில் எரிப்பதுதான் சரி. ஒளி பரவும், சூடு இருக்காது.

வட்டக் கண்ணாடியைச் சுற்றி ஒளி வளையம் அழகாக இருக்கும். ஆனால் வளையத்துக்குத் தனிச் சர்க்யூட் பலகை அடிக்க வேண்டும், எல்.இ.டி. ஸ்ட்ரிப் தட்டையாகப் படுத்தபடி வட்டமாக வளையாது. செவ்வகக் கண்ணாடியும் அதன் இடமும் வலமும் நிற்கும் இரண்டு ஒளிப் பட்டைகளும் செய்வதற்கும் சுலபம், முகத்துக்கும் நல்லது. ஒளி மேலிருந்து மட்டும் வந்தால் மூக்குக்கும் உதட்டுக்கும் கீழே நிழல் விழும். கீழிருந்து வந்தால் முகமே வேறாகிவிடும். இரு பக்கமும் சமமாக வந்தால் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில் மை இழுக்க முடியும்.

கண்ணாடி 70 மி.மீ. உயரம், 55 மி.மீ. அகலம். சமதளக் கண்ணாடியில் எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு முகம்தான் தெரியும். 70 மி.மீ.க்கு 14 செ.மீ., அதாவது புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை வரை. இதற்குக் கீழே போனால் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டியிருக்கும். 5 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வேண்டாம். மிக நெருங்கிப் பிடிக்க வேண்டி வரும், அப்போது பக்கப் பட்டைகளின் ஒளி கன்னத்தில் விழும், மூக்கும் உதடும் மங்கிவிடும்.

பட்டை ஒவ்வொன்றும் 10 மி.மீ. அகலம், 65 மி.மீ. நீளம். அகலத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். அதே ஒளி 5 மி.மீ. பட்டையிலிருந்து வந்தால் கண்ணுக்கு இரண்டு மடங்கு கூசும். ஒரு பட்டைக்கு 12 எல்.இ.டி., நடுவிலிருந்து நடுவுக்கு 5 மி.மீ. இடைவெளி. அதற்கு மேல் 6 மி.மீ. வெற்றிடம் விட்டு, 2 மி.மீ. பால்நிற அக்ரிலிக். எல்.இ.டி.களுக்கு இடையேயான தூரம், எல்.இ.டி.க்கும் அக்ரிலிக்குக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் ஒளி ஒரே சீராகத் தெரியும். காம்பாக்ட்டை மெலிதாக்கும் ஆசையில் இந்த 6 மி.மீ.யை 3 ஆக்குவதுதான் பலரும் சறுக்கும் இடம். அந்த அறையின் உட்சுவர் வெள்ளையாக இருக்கட்டும். அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டினால் எல்.இ.டி.யின் சாலிடர் முனைகளில் பட்டு ஷார்ட் ஆகும். வெளி ஓடு கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் மூடியின் முதுகும் ஒளிரும், திரையரங்கில் பின்வரிசைக்காரர் முகத்தில் அடிக்கும்.

மின்சாரம். மலிவான காம்பாக்ட்களில் சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கும். 220 மில்லி ஆம்பியர்-மணி என்ற அதன் கொள்ளளவு 0.2 மில்லி ஆம்பியர் போல மிகக் குறைவாக இழுக்கும்போது கிடைப்பது. நமக்கு வேண்டிய 144 மில்லி ஆம்பியரை அதனால் தரவே முடியாது. சில மில்லி ஆம்பியர் இழுத்தாலே வோல்டேஜ் சரிந்து, வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டிய 2.7 வோல்ட்டுக்குக் கீழே போய் மங்கிவிடும். அதைவிட முக்கியமாக, பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். கைப்பையிலும் கட்டில் மேலும் கிடக்கும் பொருளில், திருகு போட்டு மூடாத பட்டன் பேட்டரி அறை கூடவே கூடாது.

3.7 வோல்ட், 250 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் செல் ஒன்று போதும், பாதுகாப்புச் சர்க்யூட் சேர்ந்தே வருவதாக வாங்குங்கள். தடிமன் 4 மி.மீ.க்குள் கிடைக்கும். செல் நாளடைவில் கொஞ்சம் உப்பும் என்பதால் அறையில் 0.5 மி.மீ. கூடுதல் உயரம் விடவும். விடாவிட்டால் அது கண்ணாடியைத் தள்ளி உடைக்கும். முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் எரியும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் என்றால் சுமார் முப்பத்தைந்து தடவை.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனியாக, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 180 ஓம் ரெசிஸ்டர். செல் 3.8 வோல்ட்டில் இருக்கும்போது எல்.இ.டி.க்கு 2.75 போக மிச்சம் 1.05 வோல்ட், அதை 180ஆல் வகுத்தால் சுமார் 6 மில்லி ஆம்பியர். முழு சார்ஜில் இது 8க்குப் பக்கம் ஏறும், தீரும் தறுவாயில் 4க்கு இறங்கும். மெதுவாக நடப்பதால் கண் இதைக் கண்டுகொள்வதில்லை. 24 எல்.இ.டி.க்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால், வோல்டேஜ் சற்றுக் குறைவாகத் தேவைப்படும் எல்.இ.டி.கள் அதிகம் இழுத்துப் பிரகாசமாகவும் மற்றவை மங்கலாகவும் எரியும்.

சார்ஜ் செய்ய டிபி4056 மாட்யூல். இதில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் வரும்போது அதில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அது 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும். 250 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு அது நான்கு மடங்கு வேகம். செல் சூடாகி உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் பற்றவையுங்கள், 130 மில்லி ஆம்பியர் ஆகும், செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி. டைப்-சி போர்ட் வைத்தால் சிசி1, சிசி2 இரண்டு முனைகளிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு இணைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும், இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சில சமயம் சார்ஜ் ஏறாது, பொருள் பழுது என்று நினைப்பீர்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஏடிடைனி85 என்ற சிறு கணிப்புச் சில்லும், அது சொல்வதைக் கேட்டு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஏஓ3400 மாஸ்ஃபெட்டும் போதும். எல்.இ.டி.யை வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் முறைக்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர், அதன் வேகம் முக்கியம். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லில் பிரீஸ்கேலரை (அந்த வேகத்தை வகுக்கும் எண்) 64 என்று வைத்தால் 488 ஹெர்ட்ஸ்தான் வரும், செல்ஃபி எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழலாம். 8 என்று வைத்தால் 3.9 கிலோஹெர்ட்ஸ், பிரச்சினை இல்லை. மூன்று நிலை வையுங்கள்: 10, 25, 100 சதவீதம். எப்போதும் 10இல் தொடங்கட்டும்.

திறந்தவுடன் தானாக எரியும் காம்பாக்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டிய மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்பவர் அதைத் திறந்தால் ஒளி மேடைக்குப் பாயும். அங்கெல்லாம் நீல விளக்குதான் மங்கலாக வைத்திருப்பார்கள், நீல ஒளியில் சிவப்பு லிப்ஸ்டிக் கறுப்பாகத் தெரியும். இந்தக் காம்பாக்ட் உண்மையில் கைகொடுக்கும் இடமே அதுதான். எனவே திறந்தால் எரியாமல், பொத்தானை அழுத்தினால் எரியட்டும். மூடினால் அணையட்டும், மறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் தானே அணையட்டும். தொடு சுவிட்ச் வேண்டாம், பவுடரும் வியர்வையும் பட்ட விரலுக்கு அது ஒழுங்காக வேலை செய்யாது. சிலிக்கான் உறை போட்ட சாதாரண அழுத்து பொத்தான் நல்லது, இருட்டில் விரல் தடவிக் கண்டுபிடிக்க அதன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கட்டும்.

செல், பலகை, பொத்தான், போர்ட் எல்லாவற்றையும் மூடிக்குள்ளேயே அடக்குங்கள். அடிப்பாகத்தில் செல்லை வைத்தால் ஒயர் கீல் வழியே போக வேண்டும். தினமும் திறந்து மூடும் பொருளில் முதலில் அறுவது அந்த ஒயர்தான். எல்லாம் மூடிக்குள் இருப்பதால் மூடி கனத்து, மேஜையில் திறந்து வைத்தால் பின்னால் சாயும். பவுடர் தட்டுக்கு அடியில் 60×60×1 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று வைத்தால் சுமார் 28 கிராம் எடை கூடும், மூடி 115 டிகிரிக்கு மேல் திறக்காதபடி கீலில் தடுப்பும் வையுங்கள். மூடியதை உணர, காந்தத்தைக் கண்டறியும் ஹால் சென்சாரும் சிறு காந்தமும் போடும்போது கவனம்: இந்த இரும்புத் தகடு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும், சென்சாருக்கு எட்டாது. காந்தம் உட்காரும் மூலையில் தகட்டை 15 மி.மீ. வெட்டி எடுத்துவிடுங்கள்.

பவுடர் எங்கும் நுழையும். கண்ணாடியும் அக்ரிலிக்கும் ஒரே மட்டத்தில், இடையே பள்ளமில்லாமல் இருந்தால் பஞ்சால் ஒரு துடைப்பில் சுத்தமாகும். போர்ட் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பவுடர் அறையைச் சுற்றி மெல்லிய ஃபோம் வாஷர் ஒட்டுங்கள்.

வெளி ஓட்டை 3டி பிரின்ட் செய்வதானால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் கோணிக்கொள்ளும். பி.இ.டி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். எடுங்கள். ஓடு தாங்கினாலும் லித்தியம் செல்லுக்கு அந்தச் சூடு ஆகாது, காரில் விட்டுப் போகாதீர்கள்.

உங்கள் உபயோகத்துக்கு மட்டுமென்றால் இத்துடன் வேலை முடிந்தது. இந்தியாவில் விற்பதாக இருந்தால், லித்தியம் செல் ஐ.எஸ். 16046 என்ற தர விதியின் கீழ் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். செல் வாங்கும்போதே அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள், டிசைன் முடிந்த பிறகு செல்லை மாற்றினால் அறையின் அளவிலிருந்து எல்லாம் மாறும்.