ரோட்டுக்குப் பண்ணைக் குடும்பத்தின் பெயர் இருந்தால் ரோடும் அவர்களுடையதா?

‘பெரிய பண்ணை ரோட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் பார்த்திருக்கிறோம். நாலு தலைமுறையாக விவசாயம் செய்யும் அந்தக் குடும்பத்துக்குத்தான் ரோடும் சொந்தமாம். அவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?’ என்கிறார் ஒரு வாசகர்.

கொடுக்காதீர்கள். பெயர்ப்பலகை பட்டா ஆகாது. தமிழ்நாட்டில் பாதை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டியது புலப்படமும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடம்) அ-பதிவேடும் (எந்த சர்வே எண் அரசுடையது, எது தனியாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு). சர்வே எண்ணைப் போட்டு இணையத்தில் நீங்களே எடுக்கலாம், அதற்கு எந்தப் புரோக்கரும் வேண்டாம். பாதைக்குத் தனி எண் இருந்து, அ-பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்று அரசுப் புறம்போக்காக இருந்தால் கதை முடிந்தது, அந்தக் குடும்பத்தின் சம்மதமே வேண்டாம்.

புலப்படத்தில் பாதையே இல்லை, அந்தக் குடும்பத்தின் பட்டா நிலத்துக்குள்தான் ரோடு ஓடுகிறது என்றால்தான் சிக்கல். பஞ்சாயத்து தார் போட்டிருந்தால் அது உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். 1882ஆம் வருட ஈஸ்மெண்ட் சட்டப்படி, 20 வருடம் இடைவிடாமல், ஒளிவுமறைவில்லாமல், யாரையும் கேட்காமல் உரிமையோடு போய்வந்த பாதையில் நடப்புப் பாத்தியம், அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமை, கோரலாம். விற்பவர் போய்வந்த வருடங்களும் இதில் சேரும். இதில் ‘கேட்காமல்’ என்பதுதான் உயிர். புரோக்கர் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கித் தரும் அந்தச் சம்மதக் கடிதம் என்ன செய்கிறது தெரியுமா? ‘இவர்கள் விட்டதால்தான் நாங்கள் போகிறோம்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிறது. காசும் கொடுத்து, கையில் இருந்த வாதத்தையும் தொலைத்துவிட்டு, நாளை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட் போட்டால் கோர்ட்டில் நிற்க வேண்டும். பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பாதைப் பாத்தியத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த ஆவணமாக வாங்குங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

அப்புறம் பத்திரம். நான்கு எல்லையில் ‘கிழக்கே பெரிய பண்ணை ரோடு’ என்று இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், அது எல்லை மட்டும்தான். ‘வண்டி வாகனங்கள் போகவர மாமூல் தடப் பாத்தியம் உட்பட’ (வழக்கமான பாதையில் போய்வரும் உரிமையும் சேர்த்து) என்ற வரி தாய்ப் பத்திரத்தில், அதாவது நிலத்தின் பழைய மூலப் பத்திரத்தில், இருக்கிறதா என்று தேடுங்கள்.

வி.ஏ.ஓ.விடம் கேட்டால் ‘ஊருக்கே தெரியுமே, பொதுப்பாதைதான்’ என்பார், எழுதிக் கேட்டால் தாலுகா ஆபீசைக் கை காட்டுவார், அங்கே சர்வேயர் எப்போதும் ஃபீல்டில்தான் இருப்பார். அதனால் அளவைக்கு மனு போடும் வேலையை விற்பவர் தலையில் கட்டுங்கள், நிலம் அளந்து முடியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.