பனிச்சறுக்கா, பட்டப்படிப்பா?

கேள்வி: டெல்லியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு நிறுவனம் ஸ்கீ, பூட்ஸ், ஜாக்கெட் தந்து ஸ்பான்சர் செய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பனிச்சறுக்குப் போட்டிகளுக்காகக் காஷ்மீரின் குல்மார்க்கில் இருந்தால் அட்டெண்டன்ஸ் போய்விடும். அப்பா ‘ஒன்றை விடு’ என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: எதையும் விடாதீர்கள். பனி உங்கள் செமஸ்டரைப் பார்த்துப் பெய்யாது, படிப்பைத்தான் கொஞ்சம் வளைக்க வேண்டும். டிசம்பரிலேயே போட்டிக் கடிதத்தைக் காட்டி அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். போய் வந்து கெஞ்சினால் யாரும் இரங்க மாட்டார்கள். கல்லூரி மசியவில்லையா, அஞ்சல்வழியில் படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது: தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும்தான், பனிக்காலம் உங்களுடையது, ஆனால் அசைன்மென்ட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளினீர்களோ, தொலைந்தது.

அப்புறம் அந்த ஒப்பந்தம். ஓசி ஸ்கீ கிடைத்த சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடவில்லையே? முழங்கால் லிகமென்ட் கிழிந்தால் ஆபரேஷன் செலவு யாருடையது, மாதம் எத்தனை வீடியோ போட வேண்டும், அதுவும் தேர்வு நேரத்திலுமா என்றெல்லாம் கேளுங்கள். ஜாக்கெட்டை வைத்து ஃபீஸ் கட்ட முடியாது, பாருங்கள்! 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனவர் காஷ்மீரின் ஆரிப் கான் ஒருவர்தான்; இந்த ஆட்டத்தில் நம் ஊரில் வழி அவ்வளவு குறுகல். பட்டத்தை முடிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அப்பா பாதியாவது இறங்கி வருவார்.