இரவில் வரும் நோயாளிகள் ஆய்வில் விடுபடுவது பற்றி

நெஞ்சுவலி ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறீர்கள், இரவில் வருபவர்கள் கைநழுவிப் போகிறார்கள், பணி மருத்துவர்கள் உங்களிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

மருத்துவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பதை விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்கிறவருக்கு உங்கள் ஆய்வு ஞாபகம் வராது. எப்படியும் நடக்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி என்றால் ஈசிஜி எடுப்பார்கள், ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) பரிசோதனைக்கு ரத்தம் அனுப்புவார்கள். அந்த ஆர்டர் பதிவானதும் உங்கள் ஃபோனுக்குத் தகவல் வர வழியுண்டா என்று கணினிப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் ட்ரையாஜ் நர்ஸிடம் (யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று பிரித்து அனுப்புபவர்) பேசுங்கள். நோயாளியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்தான்.

அதைவிட முக்கியம் ஸ்கிரீனிங் பதிவேடு, அதாவது ஆய்வுக்குத் தகுதியானவரா என்று பார்க்கப்பட்டவர்களின் பட்டியல். தகுதி இருந்தும் விடுபட்டவர்களையும் அதில் எழுதுங்கள்: வயது, பாலினம், வந்த நேரம், விடுபட்ட காரணம். (இதையும் நெறிமுறைக் குழுவிடம் சொல்லி அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.) இரவில் வருபவர்கள் பகலில் வருபவர்களைப் போலவே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பதிவேடு இருந்தால்தான் அந்த வித்தியாசத்தைக் கட்டுரையில் காட்டலாம். எல்லா நேரமும் பார்க்க உங்கள் குழுவில் ஆள் போதவில்லையா? இரவு, பகல் ஷிஃப்ட்களைக் குலுக்கிப்போட்டுச் சிலவற்றை மட்டும் எடுத்து, அவற்றில் ஒருவரையும் விடாமல் பாருங்கள். பகல் மட்டும் என்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒப்புதலில் அவசரம் வேண்டாம். வலியில் துடிப்பவர் தலையாட்டுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி அடங்கியபின் கேளுங்கள்.

ஆய்வுக்கு முதல் ரத்த மாதிரி எத்தனை மணி நேரத்துக்குள் வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே? ஒப்புதலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது அதைப் பொறுத்தது.