பஸ்ஸில் ஒரு கேள்வி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரை விளாங்குடியில் வசிக்கிறேன். என் மகனுக்கு நான்கு வயது. சென்ற மாதம் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எதிரில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் வெண்புள்ளிகள். "அம்மா, அந்த அத்தைக்கு ஏன் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டான். இரண்டு கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அவன் வாயைப் பொத்தித் தொடையில் கிள்ளினேன். அவன் அலறினான். அந்த அம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தோம். ஆத்திரத்தில், "இனி இப்படிக் கேட்டால் அந்த அத்தை உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு தெப்பக்குளத்தில் பலூன் விற்பவர் ஒருவர் ஊன்றுகோலுடன் அருகில் வந்தார். பலூனுக்கு உயிரை விடுகிறவன், என் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதான். நான் கண்டித்து வளர்க்கவில்லை என்கிறார் மாமியார். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த நோய் வரும் என்று வேறு அவனிடம் சொல்லிவிட்டார். இப்போது தயிர்ச்சோறு என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். அந்த அம்மாவை அதே வழித்தடத்தில் மறுபடியும் பார்த்தேன். ஏறாமல் பஸ்ஸை விட்டுவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை ஒருமுறை திரும்பப் படியுங்கள். பையன் கேட்டான். பெண்கள் சிரித்தார்கள். நீங்கள் வாயைப் பொத்தினீர்கள், கிள்ளினீர்கள், அவன் அலறினான். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவின் முந்தானை கைக்கு வருகிறது. அந்தச் சிரிப்பு அவருக்கு வலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் கேள்வியை அவர் முதல்முறையாகக் கேட்டிருக்கப் போவதில்லை. தன் விரல்களைப் பார்த்ததற்காக ஒரு குழந்தை அடிபட்டதைப் பார்ப்பது வேறு. இது பேசவே கூடாத அசிங்கம் என்று பஸ்ஸுக்கே அறிவித்தது உங்கள் கைதான்.

பையனின் பக்கத்தையும் பார்ப்போம். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதையைப் பொம்மைகளால் நடித்துக் காட்டினார்கள். மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? சின்னக் குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான்கு, ஐந்து வயதில்தான் அது மெல்ல விளங்கத் தொடங்குகிறது. தன் வார்த்தை எதிரில் இருப்பவர் மனதில் போய் என்ன செய்யும் என்ற கணக்கு அதற்கும் பிறகு வருவது. உங்கள் மகன் கண்ணில் பட்டதைத் தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னான். சுவரில் பெயின்ட் உதிர்வதை அவன் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஏழெட்டு வயதுப் பையன் இதையே பக்கத்தில் இருப்பவனை இடித்துச் சிரித்துக்கொண்டு சொன்னால், அவனை அந்த இடத்திலேயே கண்டிக்கச் சொல்வேன்.

என்னைத் தொந்தரவு செய்தது கிள்ளல்கூட இல்லை. அது ஒரு நாளில் ஆறிவிடும். "பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்ற வாக்கியம்தான். நம் வீடுகளில் இது பரம்பரைச் சொத்து. சாப்பிட மறுக்கும் குழந்தைக்குத் தெருவில் போகும் தாடிக்காரரைக் காட்டுகிறோம், மூட்டை தூக்கிப் போகிறவரைக் காட்டுகிறோம், தாங்கித் தாங்கி நடப்பவரைக் காட்டுகிறோம். பூச்சாண்டிக்கு நாம் கொடுக்கும் உருவம் எப்போதும் ஏழையாகவோ ஊனமுற்றவராகவோதான் இருக்கிறது. டை கட்டிய மேலாளரைக் காட்டி யாரும் சோறு ஊட்டுவதில்லை. பஸ்ஸில் உங்கள் மகனுக்குப் பயம் இல்லை, கேள்விதான் இருந்தது. தெப்பக்குளத்தில் கேள்வி போய்ப் பயம் வந்துவிட்டது. அந்தப் பலூன்காரர் அவனிடம் என்ன தப்பு செய்தார்?

இதை நீங்கள்தான் திரும்ப எடுக்க வேண்டும். "அம்மா அன்று கோபத்தில் பொய் சொன்னேன். அந்த அத்தை யாரையும் பிடிக்க மாட்டார்" என்று அவனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிறகு தெப்பக்குளத்துக்குப் போய் அந்தப் பலூன்காரரிடம் நீங்கள் ஒரு பலூன் வாங்குங்கள். அவன் உங்கள் பின்னாலேயே நிற்கட்டும், இழுத்து முன்னால் நிறுத்த வேண்டாம்.

அன்று என்ன சொல்லியிருக்கலாம்? அவன் கேட்ட அதே குரலில், கிசுகிசுக்காமல், "அது பெயின்ட் இல்லை கண்ணா. சிலருக்குத் தோலில் நிறம் கொடுக்கும் பொருள் சில இடங்களில் இல்லாமல் போய்விடும். வலிக்காது, யாருக்கும் ஒட்டாது" என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா திரும்பிப் பார்த்தால் ஒரு சிரிப்பு, தேவைப்பட்டால் "தப்பாக நினைக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை. மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளலாம். வலிக்குமா, எனக்கும் வருமா என்ற இரண்டும்தான் பெரும்பாலும் குழந்தைகளின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும். அவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அவர்கள் ஜன்னலுக்கு வெளியே மாடு பார்க்கப் போய்விடுவார்கள்.

"நீயே போய்க் கேள்" என்று குழந்தையை அவர் முன்னால் அனுப்பும் புதிய பழக்கம் ஒன்றையும் இப்போது பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் கடைக்காரருக்குப் போலியோவால் சூம்பிய கால். பிள்ளைகள் கேட்டால், பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "சின்ன வயதில் காய்ச்சல் வந்தது. நீ சொட்டு மருந்து போட்டுக்கொண்டாயா?" என்று திருப்பிக் கேட்பார். பிள்ளைகள் பெருமையாகத் தலையாட்டுவார்கள். ஒருநாள் அவரே சொன்னார்: "பிள்ளைகள் கேட்டால் பரவாயில்லை. பெத்தவர்கள் கூட்டிவந்து நிறுத்திக் கேட்கச் சொல்லும்போதுதான் கடுப்பாக இருக்கிறது. நான் என்ன பள்ளிக்கூடமா?" என் பள்ளி நாட்களில் அப்படிப்பட்ட கால் உள்ள பையன் இல்லாத வகுப்பு குறைவு. அதனால் யாரும் கேட்டதில்லை. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கால் புதுக் காட்சி, கேட்கத்தான் செய்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கூசிப்போகும் நாம்தான் கல்யாண வீட்டில் "என்ன இப்படிக் கருத்துப் போய்விட்டாய்?", "நன்றாகப் பெருத்துவிட்டாயே" என்று ஆரம்பிக்கிறோம். அது நலம் விசாரிப்பாம். சொட்டைத் தலைக்காரர் வீடு, நொண்டியார் கடை என்றுதான் வழி சொல்கிறோம். உடம்பைப் பார்த்ததும் அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று பிள்ளை எங்கே கற்றது என்று வியப்பதில் அர்த்தமில்லை.

அவனுக்குச் சொல்ல மதுரையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு, அவற்றாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். உங்கள் மகன் அவரைப் பார்த்திருந்தால் விரலைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பான்.

அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பஸ்ஸில் ஒருமுறை முகம் காட்டியவரிடம் போய் அவர் தோலைப் பற்றி மறுபடியும் பேச்செடுப்பதாகத்தான் அது முடியும். ஆனால் பஸ்ஸை விடாதீர்கள். ஏறுங்கள். பக்கத்தில் இடமிருந்தால் உட்காருங்கள். அவர் பேசினால் பேசுங்கள். அப்போது மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் ஒரு வரியில் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். மீனும் தயிரும் வெண்புள்ளியைக் கொண்டுவருவதில்லை. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே நிறமி அணுக்களைத் தாக்குவதால் பெரும்பாலும் வருவது அது. உலகில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தொழுநோய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதையெல்லாம் மருமகள் சொன்னால் மாமியார் கேட்பாரா என்பது வேறு. நான் சொன்னதாகச் சொன்னாலும் எடுபடாது, எழுத்தாளன் பேச்சு எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது? ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அடுத்த முறை அவருக்குச் சேற்றுப்புண்ணோ அரிப்போ வந்தால் அங்கே கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். தயிர்ச்சோற்றுக்கு அதுவரை பொறுக்க முடியாது. அவன் பார்க்கும்படி மீன் குழம்புச் சோற்றுக்கு மேல் நீங்களே தயிர் ஊற்றிச் சாப்பிடுங்கள்.