காந்தத்தில் ஒட்டிய கறுப்புத் துகள்

கேள்வி: சென்னையில் பெரிய சாலையை ஒட்டி எங்கள் வீடு. மூத்த மகன் பள்ளிச் செய்முறைக்காக வாசல் மண்ணில் காந்தத்தை உருட்டினான். முள்ளம்பன்றி போலக் கறுப்புத் துகள் சிலிர்த்து ஒட்டிக்கொண்டது. ஈயம் போன்ற நச்சு உலோகம்தான் இப்படி ஒட்டும் என்கிறான். இரண்டரை வயது இளையவள் அந்த மண்ணைத்தான் அள்ளித் தின்கிறாள். பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: ஈயத்தைக் காந்தம் இழுக்காது, அம்மா. காட்மியம், துத்தநாகம், செம்பு எதையும் இழுக்காது. ஒட்டியிருப்பது இரும்பின் ஆக்சைடு, பெரும்பாலும் மேக்னடைட். அது இயற்கையாகவே மண்ணில் இருக்கும். கடற்கரை மணலில் காந்தத்தை வைத்தாலும் ஒட்டும்.

ஆனாலும் பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிரேக் தேய்ந்து உதிரும் தூள், நிலக்கரிச் சாம்பல், உலைப்புகை ஆகியவற்றில் இரும்புத் துகளும் நச்சு உலோகங்களும் சேர்ந்தே வருகின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் நகர மண்ணின் காந்த ஏற்புத்திறனை, அதாவது மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை அளந்து, மாசு கூடுதலாக இருக்கக்கூடிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே வேதிச் சோதனை செய்கிறார்கள். காந்தம் இடத்தைக் காட்டும், ஈயத்தை அளக்காது. பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோர மண் காந்தத்தில் ஒட்டாமலே ஈயம் மிகுந்திருக்கலாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனாலும், அதற்கு முன் சாலையோரத்தில் படிந்த ஈயம் மட்கி மறைவதில்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் மகள் மண் தின்பதுதான். பல குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தோடு இரும்புச்சத்துக் குறைவும் இருக்கும். அந்தக் குறைவு இருக்கும்போது குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ரத்தத்தில் ஈயம் மூன்றையும் பாருங்கள். ஈயத்துக்கு ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுத்த ரத்தமே நல்லது. விரல் நுனியில் குத்தினால் அங்கே ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தை வெளியேற்றும் மருந்துச் சிகிச்சை பொதுவாக 45-ஐத் தொட்டால்தான். வீட்டில் யாராவது பேட்டரி உருக்குவது, பெயின்ட் சுரண்டுவது போன்ற வேலையில் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வாசல் மண்ணைச் சிமென்ட்டாலோ புல்லாலோ மூடுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். தரையைப் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டுக்கு முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குடற்புழு மருந்து கொடுத்து ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நச்சு நீக்கும் என்று யாராவது தரும் பொடியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளிலேயே ஈயம் இருந்திருக்கிறது.