அந்தக் காலாளைத் தொடாதை!

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பாடசாலைச் சதுரங்கப் போட்டியில் கறுப்புக் காய்களோடு ஆடி 14 நகர்வுகளில் தோற்றுவிட்டான். அன்றிரவு சாப்பிடவும் இல்லை. நகர்வுத்தாளை இணைத்துள்ளேன். இனி வெள்ளை காலாளை ஈ4இல் வைத்தால் பதிலுக்கு ஈ5 ஆடவே வேண்டாம் என்கிறார் பயிற்றுநர். சரிதானா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: தங்கச்சி, தாளைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தேன். அலுவல் கெட்டது 14ஆம் நகர்வில் இல்லை, 5ஆம் நகர்வில்.

(எழுத்து பலகையின் நிரல், எண் அதன் வரிசை.) வெள்ளை மந்திரி (பிஷப்) சீ4இல், குதிரை ஜி5இல். கறுப்பு டி5 தள்ள, வெள்ளைக் காலாள் அதை வெட்டுகிறது. திருப்பி எஃப்6 குதிரையால் வெட்டத்தான் யாருக்கும் கை வரும். உங்கள் மகனும் வெட்டினான். உடனே வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாய்ந்து அரசியையும் கோட்டையையும் சேர்த்துப் பிடித்தது. அரசன் அதை வெட்ட, வெள்ளை அரசி எஃப்3இல் வந்து செக். டி5 குதிரையைக் காக்க அரசன் ஈ6க்கு ஏறவேண்டும். கண்டி வீதி நடுவில் கதிரை போட்டு இருப்பது போலத்தான். இந்தத் தாக்குதலுக்கு ஆங்கிலத்தில் ‘பொரித்த ஈரல்’ என்று பெயர். சாப்பிடாத பிள்ளைக்கு இதை இப்போது சொல்லவேண்டாம்.

நானும் அந்த ஈரலைத் தின்றவன். 1992இல், மின்சாரம் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கில் பக்கத்து வீட்டு அண்ணரிடம் மூன்று இரவு இதே மாதிரித் தோற்றேன். நாலாம் இரவு, மண்ணெண்ணெய் வீணாகிறதே என்றோ என்னவோ, அவரே சொன்னார்: “அந்தக் காலாளைத் தொடாதை. மந்திரியைக் கலை.”

அதாவது 5ஆம் நகர்வில் சீ6 குதிரை ஏ5க்குப் போகவேண்டும். மந்திரி பி5இல் செக் சொல்லும், சீ6 தள்ளுங்கள். காலாள்கள் வெட்டுப்பட்டதும் மந்திரி ஈ2க்குப் பின்வாங்கும். பிறகு எச்6 தள்ளி ஜி5 குதிரையையும் கலைக்கலாம். கறுப்புக்கு ஒரு காலாள் குறைவுதான். ஆனால் ஓடுவது வெள்ளை.

அந்தக் குதிரை பெரும்பாலும் எஃப்3க்கே திரும்பும். ஈ4 தள்ளி மறுபடி விரட்டலாம். முதல் உலகச் சம்பியன் ஸ்டைனிட்ஸ் அந்தக் குதிரையை ஓரத்தில், எச்3இல் வைத்தார்; 1890–91 தந்தி ஆட்டத்தில் ரஷ்ய வீரர் சிகோரினிடம் தோற்றார். 1963இல் பொபி ஃபிஷர் அதே எச்3ஐ நியூயோர்க் மாநிலப் போட்டியில் அமெரிக்க வீரர் பிஸ்கையருக்கு எதிராக ஆடி வென்றார்.

ஈ5ஐ விடச் சொன்னது அவசரப் புத்தி. இந்தத் தலையிடி வேண்டாமென்றால் 3ஆம் நகர்வில் குதிரையை எஃப்6இல் வைப்பதற்குப் பதிலாக மந்திரியைச் சீ5இல் வைக்கட்டும். அப்போது ஜி5க்கு வரும் குதிரையை அரசி சும்மா வெட்டிவிடும்.

பிள்ளையை ஏசாதீர்கள். தாளில் 5ஆம் நகர்வைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். மிச்சத்தை அவனே கேட்பான்.